வெள்ளிடை மன்றமும் தமுக்கமும்

மதுரைக்குத் தெற்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமுக்கம் என்பது ஓர் இடத்தின் பெயராகத்தான் முதலில் அறிமுகமாகும். அச்சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது பின்னரே தெரியவரும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் குடும்பங்கள் சித்திரைத் திருவிழாவுக்குச் சென்றால் அழகரைச் சேவித்துவிட்டுத் தமுக்கத்துப் பொருட்காட்சியையும் பார்த்துத் திரும்புவது பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது. யானைப்போரை அரச குலத்தார் அமர்ந்து காண்பதற்கான உயர்ந்த மாளிகை என்று தமுக்கத்துக்குப் பொருள் சொல்வார்கள்; கோடைக்கால மாளிகை என்பாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் அது மேலே சிலர் அமர்வதற்காகக் கீழே ஒரு பரந்த வெளியை ஒதுக்கிய இடம். அந்த வெளி எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது, இன்று அது என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் போதிய அளவு பேசவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் சொல்ல விரும்புவது இதுதான். ஓர் அரண்மனை நிலம் அரசாணை ஒன்றினால் மக்களுக்குக் கைமாறிவிடலாம். ஆனால் அது பொதுவிடமாக நீடிப்பது அந்த ஆணையினால் அன்று. அங்கே ஒன்றும் கட்டாமல், எவருக்கும் ஒதுக்காமல், சீட்டுக் கேட்காமல் விட்டுவைத்த பகுதியினால். அந்தப் பகுதி குறையக் குறைய, எவ்வளவு நல்ல நோக்கத்துக்காகக் குறைந்தாலும், நிலம் மீண்டும் சிலருக்குரியதாக மாறிவிடும்.

1

தமுக்கம் அரண்மனை மக்கள் வழக்கில் ராணி மங்கம்மாளின் அரண்மனை. திருமலை நாயக்கர் காலத்திலேயே அது எழுந்தது என்பாரும் உண்டு. பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த மங்கம்மாளை நம் மக்கள் நினைவில் வைத்திருப்பது போர்களுக்காக அன்று, சாலைகளுக்காகவும் சத்திரங்களுக்காகவும். சிவகாசி வட்டாரத்து நதிக்குடியில் பிறந்த நா. பார்த்தசாரதி அவரைப் பற்றி ஒரு புதினமே எழுதியிருக்கிறார். நடந்து போகிறவனுக்கு நிழலும் தண்ணீரும் தந்த ஓர் ஆட்சியாளரின் பெயர் இந்த மாளிகையோடு ஒட்டிக்கொண்டதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

நாயக்கர் ஆட்சி முடிந்தபின் மாளிகை கர்நாடக நவாபின் ஆளுகைக்கும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகைக்கும் சென்றது. வெள்ளையர் ஆட்சியில் மாவட்ட ஆட்சியரின் உறைவிடமாக இருந்தது. யானைப்போர் போயிற்று, காவற்காரர் போகவில்லை. ஆள்பவர் மாறினாரே தவிர, வாயிலுக்கு வெளியே நிற்பவர் மாறவில்லை.

1955இல்தான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. சென்னை மாநில அரசு அரண்மனையையும் அதனைச் சார்ந்த 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் விருதுநகரில் பிறந்த காமராசர். 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதிக் கறை படிந்த துணி அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் மேலாடையைத் துறந்து நான்கு முழ வேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில்தான். ஆடையைக் குறைத்துக்கொண்டவரின் துணியை, ஆடம்பரத்துக்காகக் கட்டிய மாளிகையில் வைத்திருப்பதைவிட அந்த மாளிகைக்குச் சிறந்த பயன் வேறொன்று இருக்க முடியாது.

அருங்காட்சியகத்தை அடுத்துச் சிறுவர் பூங்கா அமைந்தது. அருகில் பெருந்திடல் மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தது. ஆக, பழைய அரண்மனைச் சூழல் மூன்று வகையான பொதுவிடங்களாகப் பிரிந்தது: அமைதியாகப் பார்ப்பதற்கு ஓரிடம், குழந்தைகள் ஆடுவதற்கு ஓரிடம், இன்னதற்கென்று வரையறுக்கப்படாத ஓரிடம். இந்த மூன்றாவதைப் பற்றித்தான் என் கவலை.

2

தமிழிலக்கியம் படித்தவர்களுக்குப் பூங்கா என்றதும் மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை நினைவுக்கு வந்தாக வேண்டும். புது மலர் கொய்ய மணிமேகலை புறப்படுகிறாள். உடன் செல்லும் சுதமதி புகார் நகரத்துச் சோலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கெல்லாம் ஏன் போகக் கூடாது என்று விளக்குகிறாள். இலவந்திகையின் பக்கம் போனால் அரசனைச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். உய்யானம் வானவருக்கு உரியது; பூதங்கள் காக்கின்றன. மற்ற வனங்களுக்கும் தெய்வக் காவல். எஞ்சுவது உவவனம் ஒன்றுதான். அங்கே போன பிறகும் அரச குமாரன் தேரேறித் தொடர்ந்து வருகிறான்.

இக்காதையை வகுப்பில் நடத்தும்போது பெரும்பாலும் வருணனைச் சிறப்பைச் சொல்லி நகர்ந்துவிடுவோம். எனக்கு அது ஒரு நகரத்தின் வரைபடமாகவே படுகிறது. மரங்கள் எத்தனை, மலர்கள் எத்தனை என்பதற்கு முன்பாக, ஓர் இளம்பெண் எந்தச் சோலைக்குள் நுழையலாம் என்ற கேள்வியைச் சாத்தனார் எழுப்பிவிடுகிறார். சோலைகள் நிறைந்த நகரத்தில் அவளுக்கு ஒரே ஒரு சோலைதான். அதுவும் அவளைப் பாதுகாக்கவில்லை.

அதே காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகும் காதையும் இருக்கிறது. அரசனுக்குரிய ஒரு கட்டடத்தின் பயன் மாறுவதைத் தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பழைய பகுதி வேறு உண்டா என்று தெரியவில்லை. மணிமேகலை கேட்கிறாள், சோழன் கொடுக்கிறான். ஆனால் சில காதைகள் கடந்ததும் அதே அரசனின் ஆணையால் அவளே சிறைவைக்கப்படுகிறாள். அருளால் கிடைத்த மாற்றத்துக்கு அருளே எல்லை. ஒருவர் மனம் இரங்கித் தந்தது என்ற நிலையிலிருந்து, எவரும் திரும்பப் பெற முடியாதது என்ற நிலைக்கு வந்தால்தான் அது பொது.

சிலப்பதிகாரம் புகாரின் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் முதலாவது வெள்ளிடை மன்றம். வெள்ளிடை என்றால் வெட்டவெளி. காவல் இல்லாத பண்டக சாலையில் கைவைத்தவன் அந்த வெளியில் எல்லார் கண்ணிலும் பட நிற்க நேரும் என்பது அதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. பூட்டும் காவலும் செய்யாத வேலையை ஒரு வெட்டவெளி செய்தது. இடையில் ஒன்றும் மறைக்காததால் எல்லாரும் எல்லாரையும் பார்க்க முடிந்தது. மன்றம், பொதியில், அம்பலம் என்று நமக்கு இதற்கான சொற்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் மந்தை என்றும் பொட்டல் என்றும் சொல்வோம். வரி விதிப்புக்கு அப்பாற்பட்ட பொது நிலத்தைக் குறித்த புறம்போக்கு என்ற வருவாய்த்துறைச் சொல் எப்போது வசைச்சொல்லாக மாறியதோ, அப்போதே வெட்டவெளியின் மதிப்பும் நம் மனத்தில் இறங்கிவிட்டது.

3

தமுக்கம் திடல் பல பத்தாண்டுக் காலம் மதுரையின் வெள்ளிடை மன்றமாக விளங்கியது. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது நிறுவப்பட்ட தமிழன்னை சிலை இன்றும் திடலின் முகப்பில் இருக்கிறது. அரசுப் பொருட்காட்சி, சர்க்கஸ், கட்சி மாநாடு, ஒன்றுக்கொன்று பகையான இயக்கங்களின் கூட்டங்கள் எல்லாம் ஒரே மண்ணில் நடந்தன. 2006 முதல் புத்தகத் திருவிழா. எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் திரளும் கூட்டத்துக்கு அருகிலிருந்த வெளியும் அதுவே. இவை எவற்றுக்குமாக அந்தத் திடல் அமைக்கப்படவில்லை. எதற்காகவும் அமைக்கப்படாததால் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. ஒன்றும் நடக்காத நாள்களில் பையன்கள் மட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

2022 செப்டம்பரில் அத்திடலில் மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ் நாற்பது கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்த குளிரூட்டப்பட்ட கட்டடம். அதே மாதம் புத்தகத் திருவிழாவும் அதற்குள் நடந்தது.

மையத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய திடலில் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. தகரக் கொட்டகைக்குள் வியர்த்து வழிந்தபடி நூல்களைப் புரட்டியவர்கள் நம்மில் பலர். பதிப்பாளர்களுக்கு நூல்கள் நனையும் அச்சம். பெண்களுக்குக் கழிப்பறை ஒரு பெரிய துன்பம். இருட்டிய பிறகு திடலின் மூலைகள் எல்லாருக்கும் உரியனவாக இருந்தன என்று எவரும் சாதிக்க முடியாது. வெட்டவெளி என்ற சொல்லில் மயங்கி இவற்றை மறைப்பது நேர்மையாகாது. சுதமதியின் அச்சம் இன்றைய திடல்களுக்கும் பொருந்தும்.

ஆனால் கழிப்பறையும் விளக்கும் வடிகாலும் வேண்டும் என்பதற்கு விடை கழிப்பறையும் விளக்கும் வடிகாலும்தான். மாநாட்டு மையம் அதற்கான விடை ஆகாது. கட்டடம் எழுந்ததும் மூன்று மாறுதல்கள் தாமாகவே வந்து சேர்கின்றன. முதலாவது, வாடகை. கோடிகளைப் போட்டுக் கட்டியதைப் பராமரிக்க வருவாய் வேண்டும். வருவாய்க்காகத் திருமணமும் வணிகக் கண்காட்சியும் முன்னுரிமை பெறும். சிற்றிதழ் நடத்துகிறவனும் தொழிற்சங்கம் நடத்துகிறவனும் வரிசையின் கடைசிக்குப் போவார்கள். இரண்டாவது, கதவு. திடலுக்கு வேலி இருந்தாலும் உள்ளே நடப்பது சாலையிலிருந்து தெரிந்தது. தற்செயலாகப் போகிறவன் நின்று கேட்டான். குளிரூட்டிய அரங்கின் கதவு மூடியே இருக்க வேண்டும். மூன்றாவது, ஒன்றும் நடக்காத நாள். திடலுக்கு அது பையன்கள் ஆடும் நாள்; கட்டடத்துக்கோ பூட்டியிருக்கும் நாள்.

புத்தகத் திருவிழாவுக்கு அரங்கு கிடைத்ததில் நாம் மகிழ்ந்தோம். பொருட்காட்சியில் அப்பளம் வாங்க வந்து, கூட்டத்தைப் பார்த்துப் புத்தகக் கடைக்குள்ளும் எட்டிப்பார்க்கும் மனிதரை வரவழைத்த வெளிக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை. வாசகர் பெருகவில்லை என்று ஓயாமல் எழுதும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இங்கே லண்டனின் ஹைட் பார்க் ஒப்புநோக்கத் தக்கது. அதுவும் ஒரு பண்ணை நிலம்தான். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளிடம் இருந்த அந்நிலத்தை 1536இல் எட்டாம் ஹென்றி எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்காடாக்கினார். 1637இல் முதலாம் சார்லஸ் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1851இல் அங்கேதான் உலகப் பெருங்கண்காட்சி நடந்தது. இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன பளிங்கு மாளிகை எழுந்தது. அந்த நூற்றாண்டின் வியப்புகளில் ஒன்றாக எண்ணப்பட்ட கட்டடம் அது. ஆயினும் கண்காட்சி முடிந்ததும் அதனைப் பிரித்து எடுத்துப்போய் 1854இல் சைடன்ஹாமில் மீண்டும் நிறுத்தினார்கள். பூங்கா பூங்காவாகவே மீண்டது. 1866இல் வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்களுக்கு வாயில்கள் அடைக்கப்பட்டபோது கம்பி வேலி சாய்ந்தது. 1872இல் அங்கே கூடிப் பேசுவதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. பளிங்கு மாளிகை நிலைத்திருந்தால் அந்தக் கூட்டம் எங்கே நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம் கிண்டியின் கதை வேறு விதம். 1821இல் அரசு வாங்கி ஆளுநரின் புறநகர் மாளிகைக்கு உரியதாக்கிய பெருந்தோட்டக்காடு அது. விடுதலைக்குப் பின் அதிலிருந்து காந்தி மண்டபத்துக்கும் சிறுவர் பூங்காவுக்கும் ஐ.ஐ.டி.க்கும் நிலம் போயிற்று. காமராசர் மறைந்தபோது அவருக்கும் அங்கேயே நினைவிடம் அமைந்தது. ஒவ்வொன்றும் தேவையானது, எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒவ்வொரு நல்ல காரியமும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுதான் நிகழ்ந்தது. 1978இல் எஞ்சிய காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிராவிட்டால் அடுத்த நல்ல காரியத்துக்கும் ஒரு துண்டு தேவைப்பட்டிருக்கும். நல்ல காரியங்களிடமிருந்தும் சில நிலங்களைக் காக்க வேண்டியிருக்கிறது என்பது கிண்டி தரும் பாடம்.

4

இதனைச் சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. வெற்று நிலத்தின் மதிப்பைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கும் தொழில் எங்களுடையது. பட்டாசு ஆலைக்குள் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையில் குறிப்பிட்ட தூரம் விட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அந்த இடைவெளி வீணாகக் கிடப்பது போலத்தான் தோன்றும். ஓர் அறையில் மருந்து பிடித்துக்கொண்டால் அடுத்த அறையில் இருப்பவர்கள் பிழைப்பது அந்த வீண் நிலத்தால். உற்பத்தி நெருக்கும்போது அந்த வெளியில்தான் முதலில் கைவைப்பார்கள். மரத்தடியில் சாக்கை விரித்து வேலை நடக்கும். அதன் பிறகு ஒரு பொறி போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போனதை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை.

நகரத்துக்கும் இப்படிப்பட்ட இடைவெளிகள் வேண்டும் என்பது வெறும் உவமையாகச் சொல்வதன்று. ஆறு நாள் மருந்து நெடியிலும் காகிதத் தூசியிலும் குனிந்து உட்கார்ந்து, சனிக்கிழமை கூலி வாங்கும் ஒரு பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் காசில்லாமல் உட்கார இடம் எங்கே இருக்கிறது? கோயிலில் சிறிது நேரம் உட்காரலாம். கடைத்தெருவில் நடக்கலாம், உட்கார முடியாது. திருமண மண்டபத்துக்கு அழைப்பு வேண்டும். எங்கள் ஊர்களில் செல்வம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1920களில் தீப்பெட்டித் தொழிலில் தொடங்கி நூறாண்டுகளாக உழைப்பால் எழுந்த நகரங்கள் இவை. கல்விக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் கட்டிய கொடைமரபும் இங்கே உண்டு. ஆனால் அந்தக் கொடையும்கூட பெரும்பாலும் கட்டடமாகவே வெளிப்பட்டது. எதையும் கட்டாமல் ஒரு நிலத்தைக் கொடுப்பதும் அறமே என்ற எண்ணம் நமக்கு இன்னும் வரவில்லை. கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம். வெட்டவெளியில் எங்கே மாட்டுவது?

வெட்டவெளி என்ன செய்யும் என்பதற்கு விருதுநகரிலேயே சான்று இருக்கிறது. 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கிய சங்கரலிங்கனார் தேசபந்து மைதானத்தில் அதனைத் தொடர்ந்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகள். ஆட்சியில் இருந்தவர் அதே ஊரைச் சேர்ந்த காமராசர், நோன்பிருந்தவரும் காந்தியவாதி. அக்டோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. 1969 ஜனவரியில் பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. ஆட்சியாளரின் சொந்த ஊரில், ஆட்சியை எதிர்த்து ஒரு முதியவர் படுப்பதற்கு ஒரு திடல் இருந்தது என்பதைச் சிறிய செய்தியாக நான் நினைக்கவில்லை. இன்று அவர் எந்த மாநாட்டு மையத்தில், எந்த நாள் வாடகைக்கு நோன்பிருப்பார்?

தமுக்கத்தில் கட்டியதை இடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மக்கள் பணத்தில் எழுந்த கட்டடம். அதனை நன்றாகப் பயன்படுத்துவதே முறை. நான் கேட்பவை வேறு. எஞ்சியிருக்கும் திடலில் இனி ஒரு சுவரும் எழாது என்று மாநகராட்சி தீர்மானம் இயற்ற வேண்டும். நிகழ்ச்சி இல்லாத நாள்களில் வாயில் திறந்திருக்க வேண்டும். விளக்கும் குடிநீரும் பெண்களுக்கான கழிப்பறையும் கட்டணமின்றி இருக்க வேண்டும். இலக்கியக் கூட்டங்களுக்கும் சிறிய இயக்கங்களுக்கும் மையத்தில் ஆண்டுக்குச் சில நாள்களாவது பெயரளவு வாடகையில் ஒதுக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கும் இது பொருந்தும். திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கரின் அரண்மனை ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் அதில் நீதிமன்றம் நடந்தது. அதுபோன்ற இடங்களைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் ஒலி ஒளிக் காட்சி, சிற்றுண்டியகம், வாகன நிறுத்தம் என்ற பட்டியல்தான் முதலில் வருகிறது. சுற்றியுள்ள நிலத்தில் நான்கு வேம்பும் புங்கையும் நட்டு, திண்ணை போல் சில இருக்கைகள் போட்டு, மீதியை அப்படியே விட்டுவிடலாம் என்று எவராவது ஒருவர் அந்தப் பட்டியலுக்கு எதிராகச் சொல்ல வேண்டும். விருதுநகரில் 2022இல் தொடங்கிய புத்தகத் திருவிழா பொருட்காட்சித் திடலில்தான் நடந்தது. நமக்கு இன்னும் திடல்கள் இருக்கின்றன. அவற்றில் அடுத்து என்ன கட்டலாம் என்ற கேள்வி நகராட்சிக் கூட்டங்களில் எழும் நாளில், ஒன்றும் கட்ட வேண்டாம் என்று எழுந்து சொல்லும் குரல்களில் ஒன்றாவது இலக்கியம் படித்தவனுடையதாக இருக்கட்டும்.